மேனேஜர் கேபினில் இருக்கிறார்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் பிஸ்கட் உடைந்தது. இன்றைய செய்தி அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதன் விரிவுரை.

பொட்டலத்தைப் பிரிக்கும்போதே மேலே இருந்ததில் ஒரு மூலை போயிருந்தது. போன மூலையை விரலால் மறைத்துக்கொண்டு நீட்டினேன். ஏழு வயதுப் பையனை ஏமாற்றிவிடலாம் என்று நினைத்த என் அறிவை என்னவென்று சொல்ல. அவன் பிஸ்கட்டைப் பார்க்கவில்லை, என் விரலைப் பார்த்தான். அப்புறம் தரையில் விழுந்தான். குதிகாலால் தரையை அடித்து, மணிக்கட்டைக் கடித்து, ஒரே சுரத்தில் கத்தல். ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் சிக்கிக்கொண்டால் வருமே அந்தச் சத்தம், அதைப் போல. கீழ்வீட்டு அக்கா வழக்கம்போல் துடைப்பக் கட்டையால் தன் கூரையை, அதாவது எங்கள் தரையை, இடித்தார். இவன் இன்னும் பலமாக உதைத்தான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

பேச்சுப் பயிற்சி டீச்சர் எழுதச் சொல்லியிருக்கிறார்: ஒவ்வொரு ரகளைக்கும் முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று. முன்னால்: பிஸ்கட். பின்னால்: போர். அவருக்கு வேண்டியதைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்துவிடுவேன். இந்த நோட்டு எனக்கு. பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எதை எழுதுவது, எதை விடுவது என்று தெரியாது. அதனால் எல்லாம் வரும்.

மார்ச் 6, வியாழன்

வீட்டு ஓனர் வந்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம்தான் பயமாக இருக்கிறது. கத்தினால் நாமும் கத்தலாம். இவர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, தம்ளரைத் தானே அடுப்படியில் வைத்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. கீழே அவங்களுக்கு ரத்தக்கொதிப்பு. இன்னொரு தடவை என்கிட்ட வந்தாங்கன்னா எனக்கும் வேற வழியில்ல" என்றார்.

நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். எனக்கு எல்லாவற்றுக்கும் சிரிப்புதான் வருகிறது. இது ஒரு வியாதி.

பையனுக்கு ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தபின் இது மூன்றாவது வீடு. முதல் வீட்டில் சுவர் மெல்லியது. இரண்டாவதில் மனசு மெல்லியது. இதை விட்டால் ஊருக்கு வெளியே போக வேண்டும். பள்ளிக்கூட வேன் அங்கே வராது. வேன் இல்லாவிட்டால் பள்ளி இல்லை. பள்ளி இல்லாவிட்டால் என் வீட்டுக்காரி, அவள், வேலைக்குப் போக முடியாது. கண்ணாடித் தம்ளர்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பதுபோல் இருக்கிறது எங்கள் குடித்தனம்.

ஓனர் போனபின் அவள் கேட்டாள், "எப்படிங்க அவனைச் சத்தம் போடாம வெச்சிருக்கறது?"

ஊரார் கையிலெல்லாம் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள் அவள், லேபில். மகனுக்கு நகம் வெட்ட மட்டும் இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவர் அழ வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

டீச்சர் ஒரு வழி சொன்னார். வீட்டில் அவனுக்கென்று ஒரு மூலை வேண்டுமாம். வெளிச்சம் குறைவாக, மெத்தென்று, யாரும் தொந்தரவு செய்யாமல். தாங்க முடியாமல் வரும்போது அவனே அங்கே போக வேண்டும். ஆறியதும் அவனே வெளியே வர வேண்டும். "தண்டனை மாதிரி ஆயிடக் கூடாது. அது அவனோட இடம்" என்றார்.

மூலைக்கு நான் எங்கே போவேன்? ஆனால் என்னிடம் அட்டை இருக்கிறது. ஃபிரிட்ஜ் ரிப்பேர்க்காரனுக்கு உலகத்தில் குறைவில்லாமல் கிடைப்பது அட்டையும் தெர்மாகோலும்தான். கடையிலிருந்து பெரிய டபுள்-டோர் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை மச்சானும் நானும் தலையில் வைத்துக் கொண்டுவந்தோம். மச்சான் என்றால் அவள் தம்பி. கடையில் என் கூட்டாளி. படியில் வரும்போது, "மாமா, இதுக்குள்ள உங்களையும் வெச்சு மூடினா அக்காவுக்கு நிம்மதி" என்றான்.

உள்ளே தெர்மாகோல் ஒட்டி, அதன்மேல் பழைய போர்வை தைத்து, கீழே மெத்தை போட்டேன். மேலே துளைகள், வரிசையாக. காற்று வேண்டுமே. முட்டாள் இல்லை நான்.

வீட்டில் அவனுக்கு மேனேஜர் என்று பெயர். செருப்பு கோணலாக இருந்தால் நேராக்குவார், நாங்கள் உட்காரும் இடத்தை மாற்றினால் கையைப் பிடித்துப் பழைய இடத்துக்கு அனுப்புவார். பேச்சு குறைவு, உத்தரவு அதிகம். ஆகவே இது மேனேஜரின் கேபின்.

மார்ச் 10, திங்கள்

போகவில்லை. பெட்டியைச் சுற்றி நடந்தான். அட்டையில் அச்சடித்திருந்த ஃபிரிட்ஜ் படத்தை நெடுநேரம் விரலால் தடவினான்.

மார்ச் 12, புதன்

போனான்!

மிக்ஸி சத்தம். காதைப் பொத்தினான். கீழே விழப்போகிறான் என்று நான் தலையணையோடு ஓடினேன். அவன் என்னைத் தாண்டி ஓடிப்போய்ப் பெட்டிக்குள் சுருண்டுகொண்டான். கத்தவில்லை. ம்ம்ம் என்று ஒரு ரீங்காரம் மட்டும். பிறகு அதுவும் நின்றது. அவளும் நானும் கூடத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றோம். இந்த வீட்டில் சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்கும் என்பதே இன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

மார்ச் 15, சனி

கேபினில் ஒரு முன்னேற்றம் செய்தேன். அட்டைக் கதவு ஆடிக்கொண்டே இருந்தது. அவன் அதை இழுத்து இழுத்துச் சாத்தப் பார்த்தான், நிற்கவில்லை, அதற்கே ஒரு அழுகை. கதவு நிற்காவிட்டால் நான் எதற்கு? கடையில் கழற்றிப்போட்ட கதவு ரப்பர் ஒன்றை அளந்து வெட்டி ஒட்டினேன். ஃபிரிட்ஜ் கதவின் ஓரத்தில் ஓடுமே அந்த ரப்பர், உள்ளே காந்தப் பட்டை வைத்தது. எதிர்ப்பக்கம் ஒரு தகரப் பட்டை. இப்போது சாத்தினால் "டப்" என்று மென்மையாக ஒட்டிக்கொள்கிறது.

அந்த "டப்" அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது. திறந்தான், சாத்தினான். திறந்தான், சாத்தினான். சிரித்தான். அவன் சிரித்து நாளாயிற்று. என் கைவேலையைப் பார்த்து என் மகன் சிரித்தான் என்று எழுதி வைக்கிறேன். வேறு யார் எழுதப்போகிறார்கள்?

அவள் மட்டும், "டீச்சர் கதவு வைக்கச் சொன்னாங்களா?" என்றாள்.

"அவங்களுக்கு ஃபிரிட்ஜைப் பத்தி என்ன தெரியும்?" என்றேன். பெரிய பதில்.

மார்ச் 19, புதன்

வீட்டில் சட்டம் போட்டாயிற்று. மேனேஜர் கேபினில் இருந்தால் யாரும் கூப்பிடக் கூடாது, கதவைத் தட்டக் கூடாது. அவனுக்கும் சொல்லியாயிற்று, படம் வரைந்து: கதவு மூடியிருந்தால் பதில் சொல்ல வேண்டாம். வாயில் விரல் வைத்த ஒரு பையன் படம். நான் வரைந்த பையன் உருளைக்கிழங்கு மாதிரி இருக்கிறான். அதனால் என்ன, புரிந்துகொண்டான். படம் வைத்துச் சொன்னால் அவனுக்குக் கல்வெட்டு. மாறாது.

மார்ச் 27, வியாழன்

வாரம் முழுக்க அமைதி. கீழ்வீட்டு அக்கா படியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பையன் ஊருக்குப் போயிருக்கானா?" என்று கேட்டார்.

இருக்கிறான் என்றேன்.

ஓனர் வாசலில் நின்று, "ரொம்பச் சந்தோஷம் தம்பி" என்றார். மச்சானிடம் பெருமை அடித்துக்கொண்டேன். இதைக் கம்பெனியாக ஆரம்பிக்கலாம் என்றான். பொண்டாட்டிகளுக்கும் ஒரு மாடல் போடலாம் என்றான். அக்காவிடம் சொல்கிறேன் என்றதும் வாயை மூடிக்கொண்டான்.

ஏப்ரல் 1, செவ்வாய்

கோபம் வந்தால்தான் போவான் என்றிருந்தது. இப்போது சும்மாவே போகிறான். பள்ளிவிட்டு வந்ததும் பையைக் கழற்றுவதற்குள் "டப்". சாப்பிடக் கூப்பிட முடியாது, சட்டம் இருக்கிறதே. நாங்கள் தட்டை வைத்துக்கொண்டு வாசலில் காத்திருக்கும் பியூன் மாதிரி உட்கார்ந்திருக்கிறோம்.

வெளியே இருக்கும்போது கூப்பிட்டாலும் திரும்புவது குறைந்திருக்கிறதோ? பெயர் சொன்னால் முன்பு பாதி தடவையாவது பார்ப்பான். இன்று பார்க்கவில்லை.

அவளிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

கடைக்குப் போன் வந்தது. அவள். வார்த்தையே வரவில்லை. "காணோம்ங்க... காணோம்ங்க." ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தேன். வாசல் தாழ்ப்பாள் உள்ளே போட்டபடி இருக்கிறது, ஜன்னலில் கம்பி இருக்கிறது, கேபின் காலி. ஆவியாகவா போவான்?

துணி அலமாரிக்குள் இருந்தான். கீழ்த்தட்டில், போர்வைகளுக்குப் பின்னால், கதவைச் சாத்திக்கொண்டு. அவள் அந்த அலமாரி முன்னால் நின்றுதான் அவன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறாள். அவன் உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒரு சத்தம் இல்லாமல், கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான். கதவு மூடியிருந்தால் பதில் சொல்ல வேண்டாம். அப்பா சொல்லியிருக்கிறார், படம் போட்டு.

நான் சிரித்தேன். "மேனேஜர் கிளை ஆபீஸ் திறந்திருக்கார்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

ஏப்ரல் 5, சனி

டீச்சரைப் பார்த்தோம். அலமாரிக் கதையை அவள் சொன்னாள். டீச்சர் என்னிடம் கேபினைப் பற்றிக் கேட்டார். நான் ரப்பர், காந்தம், "டப்" எல்லாம் விளக்கினேன், செய்முறை விளக்கம் மாதிரி. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கதவு எதுக்குப் போட்டீங்க? கூப்பிட்டா பதில் சொல்ல வேணாம்னு ஏன் சொல்லிக் குடுத்தீங்க? அவன் பதில் சொல்லணும்னுதானே இங்க மூணு வருஷமா நாம பாடுபடறோம்?"

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அவர் குரலை உயர்த்தவே இல்லை.

கதவைக் கழற்றிவிடச் சொன்னார். கழற்றுகிறேன் என்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கழற்றினேன்.

சாயங்காலம் வரை கத்தினான். மணிக்கட்டில் ரத்தம். தலையைச் சுவரில் — அவள் தன் கையைக் குறுக்கே வைத்து, அவள் விரல் வீங்கிவிட்டது. கீழிருந்து இடி. பிறகு கீழ்க் கதவு திறந்து படியில் காலடிச் சத்தம் ஏறி வந்தது. நான் கதவையும் ரப்பரையும் எடுத்து மறுபடி ஒட்டினேன். அவசரத்தில் ஒரு மூலை கோணல். அவன் உள்ளே போனான். டப். வாசலைத் திறந்தேன். அக்கா நின்றார். பின்னால் எந்தச் சத்தமும் இல்லை.

"ஒண்ணுமில்லக்கா, சரியாயிடுச்சு" என்றேன்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றலாம். வெயில் காலம் முடியட்டும். கடையிலும் வேலை நெரிகிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்று கட்டிலுக்குள். சாமான் வைக்கிற கட்டில், பலகையைத் தூக்கினால் பெட்டி. எப்படித் தூக்கினான், எப்படி மூடிக்கொண்டான், தெரியவில்லை. பலகைக்கு ஆணி அடித்துவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

அலமாரிக்குக் கொக்கி. வாஷிங் மெஷினுக்குக் கயிறு. அவள் மாலையில் வேலை விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றுமுன் வீட்டில் மூடியிருக்கிற எல்லாவற்றையும் ஒரு முறை திறந்து பார்க்கிறாள். எங்கள் வீட்டில் இவ்வளவு மூடிகள் இருந்தனவா?

ஏப்ரல் 17, வியாழன்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. மேனேஜரைக் கடைக்குக் கூட்டிப்போனேன்.

பயந்துகொண்டேதான் போனேன். புது இடம், வெல்டிங் நெருப்பு, மூன்று கம்ப்ரஸர் ஒரே நேரத்தில் ஓடும். ஆனால் அவன் வாசலில் நின்று பார்த்தான். வரிசையாக ஃபிரிட்ஜுகள், வெள்ளை, சிவப்பு, சாம்பல், எல்லாம் கதவோடு. பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தான், சாத்தினான். டப். அடுத்தது. டப். எந்தக் கதவு சரியாக ஒட்டவில்லையோ அங்கே நின்று திரும்பத் திரும்பச் சாத்தினான். நான் கதவிடுக்கில் காகிதம் சொருகி, உருவினால் வருகிறதா என்று சோதிப்பேன். அவனுக்குக் காதே போதும்.

"மாமா, சம்பளம் இல்லாத ஆளு கிடைச்சுட்டான்" என்றான் மச்சான். "வாரிசு" என்றான்.

எனக்கு நெஞ்சு நிறைந்தது. பொய் சொல்லவில்லை. முதலில் நிறைந்தது. அதற்குப் பிறகுதான் என் மகன் அந்த அட்டையிலிருந்த படத்தை எப்படித் தடவினான் என்று ஞாபகம் வந்தது.

டேப் எடுத்து எல்லாக் கதவுக்கும் குறுக்கே ஒட்டினேன். மச்சான் சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஏப்ரல் 19, சனி

இன்றும் கூட்டிப்போனேன். டேப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூலையில் உட்கார்ந்து நட்டு, போல்ட்டுகளை அளவு வாரியாக அடுக்கினான். சமர்த்து. கவலைப்பட்டுக் கவலைப்பட்டு நான்தான் பைத்தியமாகிவிடுவேன் போலிருக்கிறது. அவளிடம் இப்படித்தான் சொன்னேன்.

ஏப்ரல் 24, வியாழன்

இன்று எழுத முடியாது.

ஏப்ரல் 27, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் கண்ணை மூடும்போதெல்லாம் ஓடுகிறது.

வியாழன் காலை, மருந்துக்கடைக்காரரின் ஃபிரிட்ஜ். கதவு ரப்பர் போய்விட்டது, குளிர் நிற்கவில்லை, உள்ளே ஊசி மருந்தெல்லாம் கெட்டுப்போகும் என்று பறந்தார். தட்டுகளைக் கழற்றி வெளியே வைத்தேன், கழுவினேன், புது ரப்பர் மாட்டினேன். நான்கு பக்கமும் காகிதம் சொருகிப் பார்த்தேன். அசையவில்லை. காற்றுப் போகாமல் மாட்டுவதில் எனக்கு இந்தப் பக்கத்தில் ஒரு பேர் உண்டு. சுவரோரம் தள்ளிவைத்துவிட்டு அடுத்த வேலையைப் பிடித்தேன்.

டேப் ஒட்டவில்லை. முடிந்த வேலைதானே, வண்டி வந்து எடுத்துப்போகும்.

செப்புக் குழாயில் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். நெருப்பைப் பாதியில் விட முடியாது, குழாய் உருகிவிடும். கண் நெருப்பில். காது அவன் மேல் இருந்தது. நட்டுகள் டப்பாவில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது என்று நினைத்தேன். தலை நிமிர்ந்தபோது டப்பா இருந்தது. அவன் இல்லை.

வாசல் திறந்திருந்தது. ஆகவே ரோடு. எல்லோருக்கும் ரோடுதான் தோன்றியது. மச்சான் ஒரு பக்கம் ஓடினான், நான் ஒரு பக்கம். பஸ்கள் போகிற ரோடு. தையல்கடைக்காரர், பழக்கடை அம்மா, எல்லோரும் இறங்கிவிட்டார்கள். தெரு முழுக்க என் பிள்ளையின் பெயர். பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன், பஸ் சக்கரங்களுக்குக் கீழே பார்த்துக்கொண்டே ஓடினேன். பழக்கடை அம்மா சொன்னார், "சத்தமா கூப்பிடுப்பா, கேட்டா வந்துடுவான்ல?"

அங்கேதான் நின்றேன். நடுரோட்டில்.

கேட்டால் வரமாட்டான். கேட்டுக்கொண்டிருப்பான்.

கடைக்கு எப்படித் திரும்பினேன் என்று தெரியாது. டேப்புகளைக் கிழித்தேன். ஒவ்வொரு கதவாக. காலி. காலி. தட்டுகள். காலி. டேப் ஒட்டியிருப்பதற்குள் அவன் எப்படி இருப்பான் என்றுகூட யோசிக்கவில்லை, கிழித்துக்கொண்டே போனேன். சுவரோரம் இருந்தது கடைசி. தட்டுகள் வெளியே, நான் வைத்த இடத்தில் அப்படியே. நான் மாட்டிய ரப்பர். ஒரே இழுப்பில் திறக்கவில்லை. அவ்வளவு நன்றாக மாட்டியிருந்தேன்.

முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. உதடு — அந்த நிறத்துக்குப் பெயர் வேண்டாம். கண் பாதி. உள்ளேயிருந்து ஓர் உதை விட்டால் திறந்துவிடும் கதவு அது, இந்தக் காலத்துக் கதவுகள் எல்லாமே அப்படித்தான். உதைக்க வேண்டும் என்று தோன்ற வேண்டுமே. அவன் தன் இடத்தில் இருந்தான். சட்டப்படி இருந்தான்.

வெளியே இழுத்தேன். தரையில் போட்டேன். அறைந்தேனோ உலுக்கினேனோ. ஒரு மூச்சு இழுத்தான், கிழிகிற மாதிரி. இன்னொன்று. அப்புறம் கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தான். திறந்திருந்த கதவைச் சாத்தக் கையை நீட்டினான்.

பிறகு கத்தினான். தெருவே கேட்கக் கத்தினான். மச்சான் வாசலில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். மூச்சு, மூளை, எல்லாம் பார்த்தார்கள். தப்பித்தான் என்றார் டாக்டர். "கொஞ்சம் லேட்டாயிருந்தா" என்று ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஏப்ரல் 30, புதன்

  கேபினை அவளே பிரித்தாள், கத்தியால், சமையலறைக் கத்தியால். தெர்மாகோல் உருண்டைகள் வீடெங்கும் பறந்தன. நான் பெருக்கினேன். அவன் பெட்டி இருந்த இடத்தில் படுத்துக்கொண்டு கத்தினான்.

திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டினால் கொஞ்சம் ஆறும். சாப்பாடு வைக்கும்போது சொன்னாள், என்னைப் பார்க்காமல்:

"உங்களை மட்டும் சொல்ல மாட்டேன். அந்தக் கதவைக் கழட்டிட்டு நீங்க திரும்ப ஒட்டினீங்களே, அன்னிக்கு நான் பக்கத்துலதான் நின்னேன். வேணாம்னு சொல்லல. வீடு அமைதியா இருந்தது எனக்கும் பிடிச்சிருந்தது."

சாப்பிட முடியவில்லை. அவளும் சாப்பிடவில்லை.

மே 3, சனி

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அதனால் நான் பிள்ளை வாய்க்கு மூடி செய்தேன். காந்தம் வைத்து.

மே 8, வியாழன்

டீச்சர் வீட்டுக்கே வந்தார். குற்றம் சொல்லவில்லை. புதிதாக ஆரம்பிக்கிறோம். பெயர் சொன்னால் ஒரு சத்தம், என்ன சத்தமானாலும் சரி, உடனே அவனுக்குப் பிடித்த ஏதாவது ஒன்று. முதலில் எதிரே உட்கார்ந்து. பிறகு அறைக்கு வெளியே நின்று. புதுப் படம் வரைந்தேன்: வாயை ஆவென்று திறந்த பையன். இவனும் உருளைக்கிழங்குதான்.

பழைய படத்தைக் கிழித்துப்போட்டுவிட்டேன். அவன் தலைக்குள் இருப்பதைக் கிழிப்பது எப்படி என்று டீச்சரிடம் கேட்டேன். "நாளாகும்" என்றார். 

மே 9, வெள்ளி

ஒரு தடவைகூட இல்லை.

மே 13, செவ்வாய்

மச்சான் கடையில் ரிப்பேர் ஆகாத ஃபிரிட்ஜுகளின் கதவுகளையெல்லாம் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டான். நான் சொல்லவில்லை. கடை பல்லுப்போன கிழவன் வாய் மாதிரி இருக்கிறது. வழக்கமாக இப்படி ஏதாவது அவன்தான் சொல்வான். அன்றிலிருந்து அவன் என்னிடம் ஜோக் அடிப்பதில்லை.

மே 16, வெள்ளி

கதவு ரப்பர் மாட்டும் வேலை வந்தால் மச்சானிடம் கொடுத்துவிடுகிறேன். கை போகவில்லை.

மே 21, புதன்

புதுச் சட்டையின் கழுத்து லேபிள் அவனை உறுத்தியது. காலையிலிருந்து கத்தல். கீழிருந்து இடி. அவள் சட்டையைக் கழற்றிக்கொண்டே கீழே தரையைப் பார்த்து, "இடிக்கட்டும்" என்றாள். அவள் வாயில் இந்தச் சொல்லை முதல் தடவையாகக் கேட்கிறேன்.

மே 24, சனி

ஓனர் வந்தார். இந்தத் தடவை தண்ணீர் கேட்கவில்லை. ஜூன் முடிய நேரம் தந்திருக்கிறார். நடந்ததெல்லாம் அவருக்குத் தெரியும். கண் கலங்கித்தான் சொன்னார். நல்ல மனிதர் என்று அன்றே எழுதியிருக்கிறேன்.

மே 29, வியாழன்

இன்று மாலை அடுத்த அறையிலிருந்து பெயர் சொன்னேன். "ஆ" என்றான்.

தற்செயலாகவும் இருக்கலாம். மறுபடி கூப்பிட்டேன். இல்லை. மறுபடி. இல்லை. அவள் கூப்பிட்டாள். இல்லை. ஆனால் ஒரு தடவை "ஆ" என்றான், நாங்கள் இரண்டு பேரும் கேட்டோம்.

ஜூன் 5, வியாழன்

ஊருக்கு வெளியே ஒரு வீடு பார்த்தோம். மர அறுவை மில்லுக்குப் பின்பக்கம். பகலெல்லாம் ரம்பம் ஓடும். வேன் வராது, நான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட வேண்டும். அவள் வேலையை அரைநாளாக்கிக்கொள்ளப் போகிறாள். புரோக்கர் தயங்கித் தயங்கி, "சத்தம் கொஞ்சம் அதிகமா இருக்கும் சார், அதான் யாரும் வரமாட்டேங்கறாங்க" என்றார்.

அவள் வீட்டுக்குள் போய்ச் சுவர் அலமாரிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எதற்கும் கதவு இல்லை. பலகை மட்டும்தான். வெளியே வந்து சரி என்று தலையாட்டினாள்.

ரம்பம் ஓடும்போது அவன் கத்தினால் கேட்குமா? கத்தாவிட்டால் தெரியுமா? வரும் வழியெல்லாம் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அவளும் இதைத்தான் யோசிக்கிறாள் என்று தெரிந்தது. 

ஜூன் 15, ஞாயிறு

சாமான் கட்டியாகிறது. அவள் பாத்திரங்களைத் துணியில் சுற்றி மூட்டையாகக் கட்டுகிறாள். அட்டைப்பெட்டி கொண்டுவரட்டுமா என்று மச்சான் போனில் கேட்டுவிட்டு, அவனே, "வேணாம் மாமா, விடுங்க" என்று வைத்துவிட்டான்.

நாற்காலி இடம் மாறியது மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. ஒரு மணிக்குப் பிடித்தவன் இன்னும் விடவில்லை. அடுத்த அறையில் குதிகாலால் தரையை அடித்துக்கொண்டு ஒரே சுரத்தில். கீழ்வீட்டு அக்காவும் தன் பங்குக்கு இடித்து ஓய்ந்துவிட்டார். அவள் மூட்டை கட்டிக்கொண்டே அந்தச் சத்தத்தோடு சேர்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறாள், பாட்டுக் கேட்கிறவள் மாதிரி. நானும் இந்தச் சத்தம் இருந்தால்தான் ஒரு இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். முன்பெல்லாம் இதே நோட்டை இவன் அடங்கிய பிறகு எடுப்பேன்.

ஓனர் வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று கேட்க வேண்டும். ஸ்கூட்டருக்குப் பின்னால் அவனைக் கட்டிக்கொள்ள ஒரு பெல்ட் —

சத்தம் நின்றுவிட்டது. அவளும் கையிலிருந்ததை வைத்துவிட்டாள். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.